ஊதா உறை போட்ட நட்சத்திரம்

மதினி,

இன்று காலையில் மருமகள் அடுப்பில் மைதாப் பசை காய்ச்சினாள். சமையலறை அலமாரித் தட்டுகளுக்குப் புதுத் தாள் ஒட்ட வேண்டுமாம். கை ஓயாமல் கிண்ட வேண்டியதை அப்படியே விட்டுவிட்டு போனில் பேசப் போய்விட்டாள். அடிப்பிடித்த வாடை கூடம் வரைக்கும் வந்தது. நாற்காலியில் இருந்தபடியே, "துத்தம் போட்டியா? போடாட்டி கரப்பான் தாளோட சேத்துத் தின்னுரும்" என்று சத்தம் கொடுத்தேன். "அது விஷம் அத்தை, இப்ப யாரும் போடுறதில்ல" என்று பதில் வந்தது. யாரும் செய்வதில்லை என்பது ஒரு காரணமா? அந்தக் காரணத்துக்கு நான் எந்தக் காலத்தில் கட்டுப்பட்டிருக்கிறேன்? உங்களுக்குத் தெரியும்.

ஆனால் வாடை வந்தது வந்ததுதான். நம் பழைய வீட்டுப் பின்வாசலும், அடி கறுத்த அலுமினியச் சட்டியும், முழங்கால் வரை சேலையைச் சொருகிக்கொண்டு குந்தியிருக்கும் நீங்களும் கண் முன்னால் வந்து நின்றீர்கள். ஐப்பசியில் உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து அழாதவள், கருகிய பசைக்கு அழுதேன். மருமகள் பயந்து போனாள்.

ஒரே வீட்டில் ஆயுசு முழுக்க இருந்தோம். அதனால் நான் உங்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்ததே இல்லை. இதுதான் முதல். நல்லது மட்டும் எழுத வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். நமக்குள் ஒரு வழக்கு தீராமல் கிடக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் அது தள்ளுபடி ஆகிவிடாது.

தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரிலிருந்து நான் இந்தத் தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, என் வீட்டுக்காரரின் அக்காவான நீங்கள்தான் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். கடலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வாய்க்குப் பயந்துகொள் என்றும் சொல்லியிருந்தார்கள். நான் பயப்படவில்லை. அதுதான் உங்களுக்கு முதல் வருத்தம் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கியதும், இந்த வீட்டில் எதையும் காசு கொடுத்து வாங்குவதில்லை என்று கண்டுகொண்டேன். "காசு குடுத்து வாங்குனா அது கடைக்காரன் வீட்டுத் திருநாளுளா" என்பீர்கள். இலங்கையிலிருந்து வரும் தேயிலைப் பெட்டிக்குள் இருக்கிற ஈயத்தாளைப் பண்டகசாலை ஆட்களிடம் கேட்டு வாங்கி, கரண்டியின் முதுகால் தேய்த்து, சுருக்கம் எடுத்து வெள்ளி மணி செய்வீர்கள். மில்லில் ஒதுக்கிப் போட்ட பஞ்சு குடிலுக்கு ஆடுகளாகும். முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகும் சிப்பி ஓடு நம் பக்கத்தில் குப்பையாகக் கிடந்ததே, அதைக் கழுவிக் கவிழ்த்து அடுக்கினால் குடிலுக்கு முன்னால் ஒரு குளம். தேங்காய்ச் சிரட்டையில் கேழ்வரகு முளைக்கப் போட்டால் குளக்கரையில் புல். எல்லாவற்றுக்கும் மேலே, வாசலில் கம்பு நட்டுத் தொங்கவிடும் நட்சத்திரம். மூங்கில் சிம்பு, வலைநூல், கலர்த்தாள், உள்ளே அரிக்கேன் விளக்கு.

எனக்கு ஒன்றையும் நீங்கள் கற்றுக்கொடுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்லுகிறேன், ஏனென்றால் உங்கள் அடக்கத்தன்று வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து, "அவிய கிட்ட படிச்ச கையில்லா" என்றார்கள். நான் கேட்டபோது முதுகைத் திருப்பிக்கொண்டு, "கண்ணு இருக்குல்லா, பாத்துக்கோ" என்றீர்கள். நான் பார்க்கவில்லை. போன வருஷத்து நட்சத்திரம் பரணில் கிடந்தது. அதைக் கீழே இறக்கி, ஒவ்வொரு கட்டாகப் பிரித்தேன். எந்தச் சிம்பு எதன் மேல் போகிறது, நடுவில் விரித்துப் பிடிக்கும் குச்சிகள் எங்கே முட்டுக் கொடுக்கின்றன என்று பார்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டினேன். ஒரு முனை கோணலாக நின்றது. நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "நட்சத்திரம் நொண்டுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள். அடுத்ததில் நொண்டவில்லை. அதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். தாள் சங்கிலி செய்வதற்காகப் பழைய பத்திரிகைகளை வெட்ட உட்காரும்போது, வெட்டுவதற்கு முன்னால் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நீங்கள் கத்தரிக்கோலைத் திறந்து பிடித்தபடி, "படிச்சாச்சா? வெட்டட்டுமா?" என்று காத்திருப்பீர்கள். அவசரப்படுத்தியதில்லை. இந்தக் கடிதத்தை எழுதுகிற எழுத்து அங்கே வந்ததுதான். ஆனால் அதுவும் நானே படித்தது.

உப்பு மரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது என் சொந்த யோசனை. உப்பளத்தில் பாத்தி முற்றி உப்பு இறங்குகிற சமயம் பார்த்து, உடைமரக் கிளை ஒன்றை அதில் முக்கிப் போட்டுவைத்தேன். சில நாளில் முள்ளுக்கு முள் வெள்ளையாக உப்புப் பூத்து, படத்தில் பார்க்கிற பனி மூடிய மரம் மாதிரி ஆகிவிட்டது. தெருவே வந்து பார்த்தது. சாக்கில் சுற்றி மாதக்கணக்காகப் பத்திரப்படுத்தி, திருநாளுக்குக் கூடத்தில் வைத்தேன். அன்றைக்கென்று அடைமழை. ஈரக்காற்றுப் பட்டதும் மரம் வேர்த்தது. சொட்டுச் சொட்டாக ஒழுகி, குடிலில் கிடந்த மண் பாலகனின் கன்னத்தில் சாயம் கரைந்தது.

"உன் மரம் அழுவுதுளா" என்று நீங்கள் சொன்னபோது விருந்தாளிகள் முன்னால் சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. "மரத்துமேல குத்தமில்ல, பருவத்துமேலதான் குத்தம்" என்றேன். அடுத்த வருஷமும் வைத்தேன். அதுவும் ஒழுகியது. அப்போதும் அதையேதான் சொன்னேன்.

இனி நம் வழக்குக்கு வருகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் தம்பி கொழும்புக்குப் போய்வரும் தோணியில் வேலை பார்த்தார். வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துப் போவார்கள். அந்த ஐப்பசியில் போன தோணி, கொழும்பில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பியது என்று மட்டும் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு புயல். புயலுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. தோணி முதலாளியின் ஆபீஸ் வாசலில் நானும் மற்ற ஆட்களின் பெண்டுகளும் போய்ப் போய் நின்றோம். "தகவல் வந்தா சொல்லி அனுப்புதோம்" என்பதற்கு மேல் அவர்களிடமும் எதுவும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம், ஆகமன காலம் தொடங்கியது. நான் மூங்கில் சிம்பை ஊறப்போட்டேன். நீங்கள் வந்து நின்றீர்கள்.

"இந்த வருசம் நட்சத்திரம் வேண்டாம்ளா."

"ஏன்?"

"ஏன்னு என் வாயால சொல்லணுமா?"

"சொல்லுங்க. சொன்னாத்தான தெரியும்."

"தோணியில போனவன் வரல. இப்படி இருக்க வீட்டுல நட்சத்திரம் கட்டுனா தெரு காறித் துப்பும்."

"வரலன்னா வரலன்னுதான் அர்த்தம், மதினி. செத்துட்டாவன்னு அர்த்தமில்ல."

நம் தெருக்களின் வழக்கம் எனக்குத் தெரியாதா? சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கிடையாது, தொதல் அல்வா கிண்டுவது கிடையாது, குடில் கிடையாது. பொழுது சாய்ந்த பிறகு தெருவில் நடந்து போகிறவன், எந்த வாசலில் வெளிச்சம் இல்லையோ அந்த வீட்டுக்காக நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போவான். அப்படியென்றால் நான் நட்சத்திரம் கட்டாமல் விடுவதற்கு என்ன பொருள்? என் புருஷன் செத்துவிட்டார் என்று நானே தெருவுக்கு அறிவிக்கிறேன் என்றுதானே? அதை நான் செய்யமாட்டேன். கடல் சொல்லட்டும், முதலாளி சொல்லட்டும், என் வாசல் சொல்லாது.

கலர்த்தாள் வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. தாளும் போன வருஷம் தூறலில் பிய்ந்துபோனது. அதனால் அவருடைய வெள்ளை வேட்டியை எடுத்துவந்து கத்தரிக்கோலைப் போட்டேன். நீங்கள் அடுக்களையிலிருந்து ஓடி வந்தீர்கள்.

"ஏளா! அது அவன் திருநாளுக்கு உடுத்துற வேட்டில்லா?"

"ஆமா."

"அத வெட்டிப் போட்டா, வந்தா எதைளா உடுத்துவான்?"

நான் கத்தரிக்கோலை நிறுத்தினேன். வருவார் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவர் வேட்டியை வெட்டிக்கொண்டிருந்தேன். வரமாட்டார் என்று சொன்னவர் அவருக்கு வேட்டி வேண்டும் என்கிறீர்கள். நம் இரண்டு பேரில் அவர் வருவார் என்று உள்ளுக்குள் நம்பியது யார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கினீர்கள். "கோணையா வெட்டுத. இங்கன குடு."

வேட்டித் துணியைக் கஞ்சியில் நனைத்து, இழுத்துக் கட்டி, காய்ந்த பிறகு கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை மேலே தேய்த்தோம். தூறல் பட்டால் உருண்டு ஓடியது. ஏணி வைத்துக் கம்பில் தொங்கவிட்டேன். தெரு காறித் துப்பவில்லை. ஆனால் நம் வாசலைக் கடக்கும்போது பேச்சு நின்றுபோகும். அது துப்புவதைவிட மோசம். பொறுத்துக்கொண்டேன்.

திருநாள் வந்தது, போனது. மூன்று ராசாக்கள் திருநாளும் முடிந்தது. எல்லா வீட்டிலும் நட்சத்திரத்தை இறக்கிப் பரணில் போட்டார்கள். நான் இறக்கவில்லை. வந்து சேரவேண்டிய ஆள் வந்து சேரவில்லையே, அதற்குள் எதற்கு இறக்குவது?

அப்போதுதான் நீங்கள் அதைச் செய்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் எடுக்கிற இடத்தில், "திங்கக்கிழமை உன் வீட்டாளுக்குப் பூசையாமே" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

"உயிரோட இருக்க மனுசனுக்கா ஆத்துமப் பூசை வைக்கிய?"

நீங்கள் மீன் அலசுவதை நிறுத்தவில்லை. "உயிரோட இருந்தா அந்தப் பூசையால ஒரு கெடுதலும் இல்ல. இல்லாட்டி அவனுக்கு அது வேணும்."

"எனக்கு வேண்டாம்."

"உனக்கில்லளா, அவனுக்கு." அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தீர்கள். "எங்க வீட்டாளு போனப்ப எங்க மாமியாரும் உன்ன மாதிரிதான் சொன்னா, வருவான் வருவான்னு. வருசக்கணக்கா ஒரு பூசை வைக்க விடல. நானும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன். கூடப்போன ஒருத்தன் ஒருநாள் ஊர் வந்து சேந்து, அவிய புயலடிச்ச அன்னைக்கே போயிட்டாவன்னு சொன்னான். அவ்வளவு காலமும் மோட்சம் போக முடியாம உத்தரிக்கிற தலத்துல ஒரு சொட்டுத் தண்ணிக்கு ஏங்கிக் கிடந்திருப்பாவ. நான் இங்கன தலைசீவிப் பூ வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். என் தம்பிய அப்படிக் கிடக்க விடமாட்டேன். நீ என்ன வேணாலும் சொல்லு."

கேட்டுவிட்டு, விட்டு வந்த குடத்தை எடுக்கப் போனேன். போய்விட்டதால் ஒத்துக்கொண்டேன் என்று ஆகாது. பூசையன்று நான் கோயிலுக்கு வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து அரிக்கேன் விளக்கின் சிம்னியைச் சாம்பல் போட்டுத் துலக்கினேன். பூசை முடிந்து உறவுக்காரர்கள் உங்களோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். காப்பி வரும் என்று பார்த்தார்கள். "சாவு வீட்டுக் காப்பி இங்கன கிடையாது. வேற எதுக்காவது வந்திருந்தா சொல்லுங்க, போடுதேன்" என்றேன். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அந்தப் பூசையை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. எழுதிவைக்கிறேன்.

ஆனால் இதையும் எழுதவேண்டும். தை மாதத்து வாடைக் காற்று உங்களுக்குத் தெரியும். ஒரு விடியற்காலையில் வாசலுக்கு வந்தால், நட்சத்திரத்தின் ஒரு கை மேலிருந்து கீழ்வரை கிழிந்து படபடத்துக்கொண்டிருந்தது. ஏணியை எடுக்கப் பின்பக்கம் போனேன். ஏணி அங்கே இல்லை. திரும்பி வந்தால் நீங்கள் ஏணியோடு வாசலில் நின்றீர்கள், இடுப்பில் ஊசி நூல். ஏறி உட்கார்ந்து, கிழிசலின் மேல் பழைய ரவிக்கைத் துணியை வைத்துத் தைத்தீர்கள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இறங்கும்போது என் முகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள்:

"அவன் வருவான்னு தைக்கேன்னு நினைக்காத. கிழிஞ்சது நம்ம வாசல்ல தொங்கக்கூடாது. அவ்வளவுதான்."

அதன்பிறகு காற்று கிழிப்பதும் நீங்கள் தைப்பதுமாக ஆயிற்று. மாவுச் சாக்கில் ஒரு ஒட்டு, உடைந்த குடையின் கறுப்புத் துணியில் ஒரு ஒட்டு, உங்கள் சேலைத் தலைப்பில் ஒரு ஒட்டு. அவருடைய வேட்டி எங்கே இருக்கிறது என்று தேடவேண்டிய நிலை. செத்துவிட்டான் என்று பூசை வைத்தவர், அவனுக்காகக் கட்டிய நட்சத்திரத்தை மாய்ந்து மாய்ந்து தைத்தீர்கள். நான் நம்பினேன், சரி. நம்பிக்கை இல்லாமலே தைத்தீர்களே, அதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

சாம்பல் புதன் கழிந்து, தபசு என்கிற நாற்பது நாள் நோன்பு தொடங்கியது. கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வந்து வாசலில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலே பார்த்தார்.

"தபசு காலம் வந்தாச்சு. சாமி கேக்காவ, இது என்ன கூத்துன்னு."

"கூத்து ஒண்ணுமில்ல. நட்சத்திரம்" என்றேன்.

"மூணு ராசாக்களும் ஒட்டகத்துல ஏறி ஊரு போய்ச் சேந்தாச்சு. நீ இன்னும் யாருக்கும்மா வழி காட்டுத?"

"வழி தெரியாம நிக்க ஒரு ஆளுக்கு."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும், "நாளைக்குள்ள இறக்கிருங்க. கோயில் முறைன்னு ஒண்ணு இருக்கு" என்றார். இறக்கமாட்டேன் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், நீங்கள் ஈரக்கையோடு உள்ளேயிருந்து வந்தீர்கள். நீங்களும் இறக்கத்தான் சொல்லப்போகிறீர்கள் என்று நான் நினைத்தேன்.

"உபதேசியாரே, பாடுகளின் ஞாயிறு வந்தா கோயில்ல சொரூபத்தை எல்லாம் என்ன செய்யுதிய?"

"ஊதாத் துணி போட்டு மூடுதோம்."

"மூடுதிய. இறக்கி மூலையில போடலியே?"

"அது எப்படி... ஆண்டவர் உயிர்த்த பாஸ்குக்குத் திறக்கணும்லா."

"அப்ப நாங்களும் மூடுதோம். கொஞ்சம் முந்தியே மூடுதோம்னு வெச்சுக்கிடுங்க. பாஸ்குக்குத் திறக்கோம். சாமிட்ட இதச் சொல்லுங்க. இதுல என்ன தப்புன்னு சாமி வந்து சொல்லட்டும்."

உபதேசியார் என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், நட்சத்திரத்தைப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்துட்டியளா, இனி எனக்கு இங்கன வேலையில்ல" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். சாமி ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

ஊதாத் துணிக்கு எங்கே போவது? உங்கள் பழைய வெள்ளைப் பாவாடை ஒன்றைச் சிவப்புச் சாயத்திலும் துணிநீலத்திலும் மாற்றி மாற்றி முக்கினீர்கள். ஊதா வரவில்லை. முற்றிய கத்தரிக்காயின் நிறம் வந்தது. ஐந்து கைக்கும் அளவெடுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி நெருக்கமான தையலில் உறை தைத்துப் போட்டீர்கள். விளக்கையும் அணைத்து உள்ளே எடுத்து வைத்தோம். "தபசு முடியட்டும்" என்றீர்கள். அவன் வரட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் முடியட்டும் என்று சொன்னீர்கள். முடிந்தால் ஒரு திறப்பு உண்டு என்ற அர்த்தம் அதில் இருந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம். கொண்டல் காற்றில் உறையின் ஒரு முனை பிரிந்திருந்தது. நீங்கள் ஏணி மேல், இன்னொரு ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தீர்கள். தோணி முதலாளியின் ஆபீஸ் பியூன் சைக்கிளை மிதித்துத் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

"யம்மா! ஆளுவ கிடைச்சாச்சு! எல்லாரும் இருக்காவ! பம்பாய்க்கு வந்தாச்சாம்!"

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: புயலில் பாய்மரம் முறிந்து மிதந்துகொண்டிருந்தவர்களை ஒரு சரக்குக் கப்பல்காரன் ஏற்றிக்கொண்டு, அவன் போகிற வழியில் எங்கோ ஒரு அரபு நாட்டுத் துறையில் இறக்கிவிட்டானாம். யார், எந்த ஊர் என்று நிரூபித்து அங்கிருந்து வெளியேறவே இவ்வளவு நாள் ஆயிற்றாம். நான் ஏணியை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் மட்டும் இறங்கவில்லை. முதுகு குலுங்கியது. ஆனால் கை நிற்கவில்லை. அந்த முனையைத் தைத்து முடித்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் இறங்கினீர்கள். இறங்கியதும், "ஏணிய விட்டுட்டியே, நான் விழுந்து செத்திருந்தா?" என்று என்னைத் திட்டினீர்கள். திட்டிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டீர்கள்.

பெரிய வாரத்தில் அவர் வந்தார். பாதி ஆளாக வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்து, வாசலில் நின்று மேலே பார்த்தார்.

"என்ன யக்கா, வாசல்ல கத்தரிக்கா தொங்குது?"

"உன் பொஞ்சாதிட்ட கேளு."

"தெருவுல வரும்போதே சொன்னாவ. எனக்குப் பூசை வேற வெச்சிட்டியாமே?"

"ஆமாலே, வெச்சேன். வீணாப் போவாது. என்னைக்காவது ஒருநாள் வேணுந்தான?"

அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு நடுவிலே அழுகையாக மாறியது. நீங்கள் உள்ளே போய் உலையில் அரிசி போட்டீர்கள்.

நான் அப்போதே உறையைக் கிழித்தெறிந்து விளக்கேற்றப் போனேன். நீங்கள் ஏணியை மறித்துக்கொண்டு நின்றீர்கள். "பெரிய வெள்ளி கழியல. உபதேசியார்ட்ட வாக்குக் குடுத்திருக்கேன்." ஆள் வந்தாயிற்று, இன்னும் என்ன தபசு என்று நான் கத்தினேன். "வந்தவன் எங்கயும் போகமாட்டான். நீ பொறு." அந்தச் சண்டையில் நீங்கள் ஜெயித்தீர்கள். நம் சண்டைகளில் நீங்கள் ஜெயித்தது அது ஒன்றுதான் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். நீங்கள் வேறு கணக்கு வைத்திருப்பீர்கள்.

பாஸ்கு அன்று காலையில், கோயிலிலிருந்து வந்து, நீங்களே ஏறி உறையைப் பிரித்தீர்கள். பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றினோம். ஒவ்வொரு ஒட்டுத் துணி வழியாகவும் ஒவ்வொரு நிறத்தில் வெளிச்சம் வந்தது. கடையில் வாங்கிய எந்தத் தாளிலும் அந்த நிறங்களை நான் பார்த்ததில்லை. சித்திரை வெயில் நெருங்கிய நேரம், காற்றில் ஈரம் இல்லை. நான் அளத்துக்கு ஓடி, உடைமரக் கிளை ஒன்றை உப்புப் பூக்க வைத்து எடுத்துவந்து கூடத்தில் நட்டேன். நாள் கணக்காக நின்றது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. "பருவத்துமேலதான் குத்தம்னு சொன்னேன்லா" என்றேன். நீங்கள் கிளையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "முள்ளு நல்லா இருக்கு" என்றீர்கள். மரம் நல்லா இருக்கு என்று சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை.

அவர் அதற்குப்பின் வெகுகாலம் இருந்தார். தோணியை விட்டுத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, முதுமையில், சொந்தக் கட்டிலில் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷம் நட்சத்திரம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னபோது நான் மறுக்கவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். வாசல் இருட்டாக இருந்தாலும் பேச்சுத்துணை இருந்தது.

இப்போது ஆகமன காலம் வந்துவிட்டது. போன வாரம் உறவுக்காரர் ஒருவர் வந்து, பெரிய நியாயஸ்தர் போல என் மகனிடம் சொன்னார்: "அத்தைதான, பெத்த தாயா? நாப்பது நாள் முடிஞ்சா போதும். பிள்ளையள் ஆசைப்படும், நட்சத்திரம் கட்டிக்கிடுங்க." எனக்கு ரத்தம் கொதித்தது. உங்களுக்கு மட்டும் அரைத் துக்கமா? பிள்ளை குட்டி இல்லாதவர் என்பதால் தள்ளுபடி விலையா? "இந்த வீட்டுல அவியளுக்கு ஒரு வருசம் முழுத் துக்கம் உண்டு. குறைக்க எவனுக்கும் அதிகாரம் இல்ல" என்றேன். மகன் உடனே, "அப்ப நட்சத்திரம் வேண்டாம்மா, விட்டுருவோம்" என்றான். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. இருட்டு வாசலைக் காட்டி, எல்லாம் முடிந்தது என்று தெருவுக்குச் சொல்ல என்னால் முடியாது. உங்கள் விஷயத்தில் அது இன்னும் முடியாது.

மூங்கில் வாங்கி வரச் சொன்னேன். நேற்று நட்சத்திரம் கட்டி முடித்தேன். கை நடுங்கினாலும் நொண்டவில்லை, வந்து பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் கிடந்த ஊதாப் பாலியஸ்டர் சேலையை வெட்டி உறை தைத்தேன். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் முழுக்க அது மூடியே தொங்கும். பார்க்கிறவர்கள் கேட்கட்டும். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லுவேன், இது துக்கம்தான், ஆனால் பாஸ்குக்குத் திறக்கும் என்று.

தையல்தான் உங்களுடையதைப் போல வரவில்லை. கண் மங்கிவிட்டது, எறும்பு ஊர்கிற மாதிரியெல்லாம் என்னால் முடியாது. அகலம் அகலமாக நூல் ஓட்டியிருக்கிறேன். இருந்தால் திட்டுவீர்கள். திட்டுங்கள். அகலத் தையல்தான் மதினி, பிரிப்பதற்குச் சுலபம்.